செல்வன்னம்-1: ஒரு பெருமணியின் வெற்றி வரலாறு

மனித குல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். காரைக்கால் பெருமணி நெல் உயராய்வு மையத்தின் இயக்குநர் டாக்டர் செல்வின் ஒரு நெல்மணியை உற்றுப் பார்ப்பதற்கு முந்தைய காலம். பார்த்த பிறகான காலம். முந்தைய காலத்தில் மனிதர்கள் சோறு சாப்பிட்டார்கள் என்பதைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. பிந்தைய காலத்தில் நான் அந்த மையத்தின் மக்கள் தொடர்பு அலுவலராக வாய்த்தது என் முன்னோர் செய்த புண்ணியம்.

அன்று டாக்டர் அந்த மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, இவ்ளோ சின்னதா இருக்கு?" என்று கேட்டார். அறைக்குள் விஞ்ஞானம் நுழைந்ததை நாங்கள் எல்லோரும் உணர்ந்தோம்.

பதில் முனைவர் பாரதிப்ரியாவிடம் இருந்தது. கருக்களாச்சேரிக்காரர். எங்கள் மையத்தில் நெல்லைப் படித்துவிட்டு நெல் வேலைக்கு வந்த ஒரே ஆள். மற்ற நாங்கள் 'நிர்வாக வசதிக்காக' நியமிக்கப்பட்டவர்கள்.

"சார், மணி எவ்ளோ பெருசாகணும்னு பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு பண்ணுது. அதுல ஒண்ணு, உமி வளர்றப்பவே 'போதும், நிறுத்து'ன்னு சொல்ற வேலையைப் பார்க்குது. அந்த மரபணு பழுதான ரகம் ஒண்ணு இருக்கு. அதோட நம்ம ரகத்தைக் கலப்பு பண்ணினா, நிறுத்தச் சொல்ல ஆளில்லாம உமி அகலமாகும், மணி பெருக்கும். ஆனா..."

"அருமை!" என்றார் டாக்டர்.

"ஆனா சார், செடி தயாரிக்கிற மாவு கிட்டத்தட்ட அதே அளவுதான். மணி பெருத்தா கதிர்ல எண்ணிக்கை குறையலாம். உள்ள சரியா நிரம்பாம சுண்ணாம்பு மாதிரி வெள்ளை விழும். ஆலையில போட்டா நொறுங்கும். இன்னும் சில மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்துட்டுத்தான்..."

"'ஆனா'வுக்கு அப்புறம் வர்றதையெல்லாம் அடுத்த நிதியாண்டுல பார்த்துக்கலாம்மா."

கலப்பு நடந்தது. சில ஆண்டுகள் ஓடின. உண்மையிலேயே மணி பெருத்தது. உள்ளங்கையில் வைத்தால், யாரோ நம்மிடம் எதையோ ஒப்படைத்தது போன்ற பொறுப்புணர்ச்சி ஏற்பட்டது.

உடனே பெயர் சூட்டும் உயர்மட்டக் கூட்டம் கூட்டப்பட்டது. "என் பெயரை வைக்கவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் அதற்கு மதிப்புக் கொடுத்து 'பெருமணி', 'காவிரிமணி' என்று ஆரம்பித்தோம். அவர் முகம் வாடியது. 'செல்வமணி' என்றேன். வாட்டம் பாதி நீங்கியது. 'செல்வன்னம்' என்றேன். "செல்வமும் அன்னமும்! இதுல என் பெயர் எங்கய்யா இருக்கு?" என்று கேட்டுக் கையெழுத்திட்டார். பின்னாலேயே செல்வன்னம்-2, 3 வரும் என்று உலகை எச்சரிக்க '1' சேர்க்கப்பட்டது.

அடுத்து, இந்த நெல்லைத் தாங்கும் பேறு பெற்ற ஒரு வயல் தேவைப்பட்டது. நெடுங்காட்டுப் பக்கம் அந்தோணிமுத்து, ஞானமேரி தம்பதிக்கு அந்தப் பேறு கிடைத்தது. அவர்களுக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான். வீட்டுச் சோறும் மகள் பெனிட்டாவின் நர்சிங் படிப்பும் அதிலிருந்து வந்தன.

"மணி இந்தத் தண்டி இருந்தா, மூட்டை எந்தத் தண்டி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!" என்றார் டாக்டர்.

அந்தோணிமுத்து யோசித்துப் பார்த்து மகிழ்ந்தார். ஞானமேரி யோசித்துப் பார்த்துவிட்டு, "மூட்டை நாங்க எப்பவும் தைக்கிற மூட்டைதானேங்க?" என்று கேட்டார். விஞ்ஞான மனப்பான்மை இன்னும் மக்களிடம் பரவவில்லை என்று டாக்டர் என்னிடம் வருந்தினார்.

பாரதிப்ரியா அவர்களைத் தனியே அழைத்து, "அக்கா, வயல் முழுக்கப் போடாதீங்க. பாதியில உங்க பழைய ரகமே இருக்கட்டும்" என்றார். செய்தி டாக்டர் காதுக்கு எட்டியது. பாதி வயல் என்பது பாதி வெற்றி என்று அவர் முழங்கினார். கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க, வரப்போரம் ஒரே ஒரு 'கட்டுப்பாட்டுப் பாத்தி' மட்டும் பழைய ரகத்துக்கு விடப்பட்டது.

அறுவடை நாளும் வந்தது. வயல் நடுவே செல்வன்னம், கல்யாண வீட்டில் நகையை மட்டும் போட்டுக்கொண்டு வந்தவரைப்போல, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய மணிகளோடு நின்றது. வரப்போரப் பாத்தி கதிர் கனத்துத் தலை தொங்கிக் கிடந்தது.

"அது என்னம்மா, ஓரத்துல அவ்ளோ நெல்லு?"

"அதுதான் சார் கட்டுப்பாட்டுப் பாத்தி."

"கட்டுப்பாட்டுப் பாத்தின்னா ஒரு கட்டுப்பாடு வேணாமா?"

முன் அனுமதியின்றி அதிகம் விளைந்ததற்கு விளக்கம் கேட்டு, அன்று மாலையே மேற்படி பாத்திக்குக் குறிப்பாணை பிறப்பிக்கப்பட்டது. பாத்திக்குக் கையெழுத்துப் போடத் தெரியாத காரணத்தால் பாரதிப்ரியா அதைப் பெற்றுக்கொள்ளுமாறு பணிக்கப்பட்டார். 'அது வழக்கம்போல விளைந்தது' என்று அவர் ஒரே வரியில் விளக்கம் எழுதிக் கொடுத்தார். இந்த ஒழுங்கீனத்துக்காக அவர் கேரளக் கரையிலுள்ள சிறு நகரமான மாஹேக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்கு ஒதுக்கப்பட்ட முதல் பணி, நெல் ஆராய்ச்சி செய்ய ஒரு வயலைத் தேடிக் கண்டுபிடிப்பது.

செல்வன்னம் வெளியீட்டு விழா அன்று தலைநகரிலிருந்து உயர்மட்டக் குழுத் தலைவர் வந்தார். கீழவாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பசியோடு வந்தார். செல்வன்னத்தில் பிரியாணி என்று அழைப்பிதழில் அச்சாகியிருந்தது. சமையல்காரர் நூகு பாய் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாய், அடுப்பே பத்தலையே?"

"ஆலையிலேர்ந்து அரிசி வந்துச்சு சார். நீங்களே பாருங்க."

சாக்கைத் திறந்தோம். உலகின் மிகப் பெரிய அரிசி, ஆலைக்குள் போய் வந்ததில் உலகின் மிகச் சிறிய அரிசியாகியிருந்தது. அத்தனையும் நொய்.

"பிரியாணிக்குக் கூப்பிட்டீங்க. இதுல நோன்புக் கஞ்சிதான் சார் வைக்கலாம்."

"இப்ப நோன்பே இல்லையே பாய்!"

"அரிசிக்கு அது தெரியுமா சார்?"

வேறு வழியில்லை. கஞ்சி வைத்தார். இஞ்சி, பூண்டு, புதினா, கொஞ்சம் கொத்துக்கறி. வாசம் மைதானம் முழுக்கப் பரவியது. குழுத் தலைவர் ஒரு கோப்பை குடித்தார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே, "பிரமாதம் செல்வின்! இது என்ன ரகம்?" என்றார்.

மேதைகள் பிறப்பது இப்படிப்பட்ட தருணங்களில்தான். டாக்டர் இமைக்கவில்லை.

"ஆலையிலேயே தானா நொய்யாகுற உலகின் முதல் கஞ்சி நெல் சார். பல வருட உழைப்பு."

அங்கேயே விருது அறிவிக்கப்பட்டது. டாக்டருக்குப் பதவி உயர்வும், மையத்துக்குப் புதுக் கட்டடமும் அறிவிக்கப்பட்டன. கட்டடம் எங்கே என்பது பற்றிக் கருத்து வேறுபாடு எழவில்லை. அந்தோணிமுத்துவின் வயலுக்கு எதிரில் நல்ல இடம் இருந்தது. நன்றியுரைக்கு முன், பயனாளி சார்பில் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார் டாக்டர். அந்தோணிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். ஞானமேரி எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கங்க. இந்த வருசம் எங்களுக்கு வீட்டுக்குக்கூட நெல்லு நிக்கல. எங்க பெனிட்டா காலேஜை விட்டுட்டுத் துணிக்கடைக்கு வேலைக்குப் போவுது. வேணாம்னு சொன்ன ஒரே மேடத்தையும் மாஹேக்குப் பத்திவிட்டுட்டீங்க." ஞானமேரி மேடைப் பக்கம் திரும்பினார். "ஆனா பொய் சொல்லக் கூடாதுங்க. எங்க மண்ணு நல்ல மண்ணு. அதுல இந்த வருசம் ஊரே பார்க்குற மாதிரி பெருசா வளர்ந்தது நீங்க ஒருத்தர்தாங்க சார்."

டாக்டர் செல்வின் கண்கலங்கி, முதல் ஆளாகக் கைதட்டினார்.

'இயக்குநரின் அபார வளர்ச்சியை உழவர் பெருமக்கள் மேடையிலேயே சுட்டிக்காட்டினர்' என்று அன்றைய செய்திக்குறிப்பில் எழுதினேன். அதில் ஓர் எழுத்தைக்கூட யாரும் திருத்தவில்லை.