மாமாவுக்குச் சேர்ந்துவிட்ட மெயில்

பிரிண்டரில் சிக்கிய தாளை எடுக்கத் தெரிந்தவன் அதை ஆபீசில் காட்டிக்கொள்ளக் கூடாது. நான் காட்டிக்கொண்டேன். மறுநாளே மெயில் சர்வரும் என் தலையில் விழுந்தது. (நான் படித்தது பி.காம். யாராவது கேட்டார்களா?)

வில்லியனூரில் ஊதுபத்தி ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. பிரான்சில் எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனிக்கு மட்டும் மெயில் போகாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. "எங்கள் சர்வருக்கே நேராக அனுப்புங்கள்" என்று விலாசம் கொடுத்தார்கள். மற்ற மெயிலுக்கு வழக்கமான வழி, இவர்களுடையதற்குத் தனி வழி. அவ்வளவுதான் வேலை.

முதலாளி பாய் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "இன்னாபா அந்தோணி, பிரான்சுக்குப் போறது எல்லாம் அந்த வழியாத்தான் போவணும்."

எல்லாம்! அவர் வாயால் சொன்னது. நானும் அந்தக் கம்பெனியின் பெயரைப் போடாமல், டாட் எஃப்ஆர் என்று முடியும் பிரான்சு விலாசங்கள் எல்லாவற்றையும் அங்கே திருப்பிவிட்டேன். ஒரே வரியில் வேலை முடிந்தது.

அடுத்து என் கல்யாணம். முதல் அழைப்பு தாய்மாமனுக்கு. அவர் இருப்பது பாரீசில். வாட்சப்பில் அழைத்தால் அவருக்கு மரியாதைக் குறைவு. "மொறையா மெயில்ல அனுப்புடா" என்றார். அவர் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று, 'நீங்கள் மாலை போடாமல் நான் கோயிலுக்குள் நுழைய மாட்டேன்' என்று இங்கிலீஷில் உருக்கமாக எழுதி, ஆபீஸ் மெயிலிலேயே அனுப்பினேன்.

சில நாள் கழித்து மாமா போன் செய்தார். "டேய், ஒண்ணும் வரலியே?"

சர்வரைப் பார்த்தேன். சேர்ந்துவிட்டது என்று காட்டியது.

"வந்துருக்கு மாமா. நல்லாப் பாருங்க."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மாமா."

போனை வைத்துவிட்டார். "இன்னொரு தபா அனுப்பேன்டா" என்று அம்மா கெஞ்சினாள். ஏன் அனுப்ப வேண்டும்? வாங்கி வைத்துக்கொண்டு பிகு பண்ணுகிறவருக்கு இரண்டாவது அழைப்பா? நான் அனுப்பவில்லை.

கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் நின்றேன். மாமா வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது ஒரு கார் வந்தது. பட்டுப்புடவையை எப்படியோ சுற்றிக்கொண்டு ஒரு வெள்ளைக்கார அம்மா இறங்கினார்.

"மதாம்! நீங்களா?" என்று பாய் பதறி ஓடினார். பிரான்சுக் கம்பெனியின் கொள்முதல் மேனேஜர். சரக்கு பார்க்க ஊருக்கு வந்திருந்தார். கையில் என் மெயிலின் பிரிண்ட்.

மாமாவின் விலாசமும் டாட் எஃப்ஆர்தான்; அவர் மெயிலும் இவர்கள் சர்வருக்கே போயிருக்கிறது. யாருடையது என்று தெரியாத மெயிலையெல்லாம் அது இவர் பெட்டியில் போட்டிருக்கிறது. 'அங்கிள்' என்று எழுதியிருந்ததை நம் ஊர் மரியாதை என்று நினைத்தாராம். பேக்கிங் பிரிவு செல்வி பாரீஸ் சித்தியிடம் சென்ட் பாட்டில் கேட்டு எழுதியதும் இவருக்கே போயிருக்கிறது. அதையும் வாங்கி வந்திருந்தார், பாவம்.

"எல்லாம்னு சொன்னது நீங்கதானே பாய்?" என்று கொதித்தேன்.

"உன் மாமன் பிரான்சுல இருக்கறது எனக்கு எப்பிடிபா தெரியும்?"

புதுச்சேரிக்காரர் கேட்கிற கேள்வியா இது? இங்கே யார் வீட்டில்தான் பிரான்சில் ஒருவர் இல்லை?

எழுதிக் கொடுத்துவிட்டேனே, மாலை போடாமல் உள்ளே நுழைய மாட்டேன் என்று! மதாம்தான் போட்டார். ஆல்பத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

என் மகளின் ஞானஸ்நானத்துக்கு மாமா வந்தார். நானே போனில் கெஞ்சிக் கூப்பிட்டேன். இன்றும் வீட்டில் கரண்ட் பில்லோ கல்யாண மொய்யோ, அனுப்பியாச்சு என்று நான் சொன்னால் என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"யாருக்கு?" என்கிறாள்.