முட்டுப்பட்டணத்துச் சண்டை மனு

ஒரு காட்டில் ஒரு பட்டணம் இருந்தது. காட்டுக்குள் பட்டணம் எப்படி வரும் என்று குறுக்குக் கேள்வி கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மரங்களை எல்லாம் வெட்டி முடித்த பிறகு மிச்சமிருந்த காட்டுக்குத்தான் முட்டுப்பட்டணம் என்று பெயர். முன்பு அங்கே ஒரு புண்ணாக்கு ஆலை ஓடியது, எல்லோருக்கும் வேலை இருந்தது. பிறகு ஆலையை மூடினார்கள், ஆறும் வற்றியது. நான்கு அடிபம்புகளில் மூன்றின் கைப்பிடியைப் பழுதுபார்க்கிறோம் என்று ராஜாவின் மலையிலிருந்து ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். போனது போனதுதான். முந்நூறு குடும்பத்துக்கு ஒரே பம்பு மிஞ்சியது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். சேவல் கூவும் முன்பே ஆளுக்கொரு கல்லைக் கொண்டுவந்து பம்படியில் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கல் நிற்கும் இடம் ஆள் நிற்கும் இடம். விடிந்து வந்து பார்த்தால் எவனுடைய கல்லாவது நாலு முழம் பின்னால் போயிருக்கும்.

"எங் கல்லை எவம்லே தள்ளி வச்சது?" என்று ஒரு குரல் எழும். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது, கொம்பும் குளம்பும்தான். வாலை முழுசாக வைத்திருந்தவர்கள் அந்த ஊரில் குறைவு.

மலைக்குகையில் வாழ்ந்த சிங்க மகாராஜாவுக்குச் சொந்தத்தில் ஓர் அருவி உண்டு. ஆகவே அவருக்கு இந்தச் சண்டை விளங்கவே இல்லை. "முட்டுப்பட்டணத்து வன்முறையின் மூல காரணத்தை ஒரே மாதத்தில் கண்டுபிடித்து ஒழிக்கவும்" என்று உத்தரவு போட்டார். அனுப்புவதற்கு ஆள் தேடினார்கள். அன்றைக்கு லீவு போடாமல் அலுவலகம் வந்திருந்தது அழுங்கு ஆவுடையப்பன் ஒருவர்தான்.

அழுங்கைத் தெரியுமல்லவா? உடம்பெல்லாம் செதில்; அதட்டினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நம் ஆவுடையப்பன் அதட்டாமலே சுருளக்கூடியவர். பக்கத்து மேஜைக்காரர் தும்மினாலும் சுருளுவார். உத்தரவின் அடியில் வேறு, ஒரு மாதத்தில் சண்டை குறையாவிட்டால் கழுதைப்புலிப் பாறைக்கு மாற்றல் என்று எழுதியிருந்தது. அந்தப் பாறைக்கு முன்பு போன அதிகாரியிடமிருந்து திரும்பி வந்தது அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும்தான். அதை நினைத்து நினைத்து ஆவுடையப்பன் வழியில் மூன்று முறை சுருண்டார்.

முதல் நாளே பம்படியில் நின்ற காட்டுப்பன்றி மாடத்தியிடம் பயந்து பயந்து கேட்டார். "இந்த வன்முறைக்கு மூல காரணம் என்னம்மா?"

மாடத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பம்பு நாலு, கைப்பிடி ஒண்ணு. இதுக்கு ஒரு ஆபீசர் வேற வரணுமாக்கும்?"

ஆவுடையப்பனுக்கு ஒரே சந்தோஷம். அரை நாளில் வேலை முடிந்ததே! மூன்று கைப்பிடி வேண்டும் என்று எழுதி மலைக்கு அனுப்பினார். மறுநாளே காக்கை பதிலைக் கொண்டுவந்தது.

'கைப்பிடி நீர்த் துறையைச் சேர்ந்தது. தாங்கள் வன்முறைத் துறையைச் சேர்ந்தவர். இன்னும் ஆழமாகத் தேடவும்.'

அவரும் ஆழமாகத் தேடினார். கொம்பின் நீளத்தை அளந்தார். பரம்பரைக் குணமா என்று பாட்டன் பெயரெல்லாம் விசாரித்தார். "எங்க தாத்தா சாதுவான மனுசன். அவரு காலத்துல ஆத்துல தண்ணி ஓடிச்சு" என்றே எல்லோரும் சொன்னார்கள். அதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது.

பதினோராம் நாள் காலை, எருமை சுடலைமுத்துவுக்கும் வெள்ளாடு குருவம்மாவுக்கும் கல் தகராறு. சமாதானம் பேசப் போன ஆவுடையப்பன் இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். ஒரு பக்கம் எருமையின் மூச்சு, மறுபக்கம் ஆட்டின் கொம்பு. பொத்தென்று சுருண்டார். என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல், இருபது வருட உத்தியோகத்தில் நாக்கில் ஊறிப்போன ஒரே வார்த்தை பந்துக்குள்ளிருந்து வெளியே வந்தது.

"ம... மனு குடுங்க!"

ஓங்கிய கொம்பு அந்தரத்தில் நின்றது. ஆலை மூடிய நாளிலிருந்து மனு கொடுத்தே காலம் தள்ளிய ஊர் அது. அந்தச் சொல் காதில் விழுந்தால் அங்கே யாருக்கும் மூளை ஓடாது, கால்கள் தாமாக வரிசையில் போய் நிற்கும். சுடலைமுத்து கொம்பைத் தாழ்த்திவிட்டு, "எங்க சார் குடுக்கணும்?" என்று பணிவாகக் கேட்டான்.

ஆவுடையப்பன் உயிர் பிழைத்த மகிழ்ச்சியில் அன்று மாலைக்குள் ஒரு படிவம் தயாரித்துவிட்டார். சண்டை போட விரும்புகிறவர் அதை மூன்று நகல்களில் நிரப்பித் தர வேண்டும். நான்காவது கட்டத்தில் எதிராளியின் சம்மதக் கையெழுத்து. ஒன்பதாவது கட்டத்தில் எதிராளியோடு சேர்ந்து நின்று எடுத்த போட்டோ. பதினான்காவது கட்டத்தில் சண்டையின் மூல காரணம், இருபது சொல்லுக்கு மிகாமல்.

சம்மதக் கையெழுத்துக்காகச் சுடலைமுத்து குருவம்மா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. வந்தவனை வெளியே நிறுத்தலாமா? அவள் உட்காரச் சொன்னாள். இருவரும் போட்டோ எடுக்கப் போனார்கள். "கொஞ்சம் சிரிங்க" என்றது போட்டோக் கடைக் குரங்கு. நகல் எடுக்கப் போனால் கரண்ட் இல்லை. கடை வாசலில் காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் குருவம்மாவின் மூட்டுவலி, சுடலைமுத்துவின் தங்கைக்கு வந்து தட்டிப்போன வரன் எல்லாம் பேசித் தீர்ந்தன. பதினான்காவது கட்டத்துக்கு வந்ததும் எருமை திகைத்தது.

"எக்கா, கல்லுக்குன்னு எழுதினா நல்லாவா இருக்கும்? நாலு பேரு படிக்கப்பட்ட எடம்."

"பெறகு என்ன எழுதுவ? உள்ளதை எழுது. கைப்பிடி இல்லாததாலன்னு எழுது."

ஊர் முழுக்க இதே கதைதான் நடந்தது. கொம்பு முறிப்பதைவிடப் படிவம் நிரப்புவது பெரிய வேலையாக இருந்ததால் ஒரு சண்டைகூட நடந்தபாடில்லை. கட்டுப்போடும் நாரை வேலையில்லாமல் கொட்டாவி விட்டது. ஆவுடையப்பன் மனுக்களை எண்ணிப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு மனுக்கள். அத்தனையிலும் பதினான்காவது கட்டத்தில் ஒரே பதில். கட்டி மலைக்கு அனுப்பினார்.

காக்கை வந்தது. 'சண்டை நின்றுவிட்டதை அறிந்து மகிழ்ந்தோம். வன்முறையே இல்லாத ஊருக்கு வன்முறையின் காரணத்தை நீக்க வேண்டிய அவசியம் இல்லை. கைப்பிடி கிடையாது. தங்களுக்குப் பாராட்டு. பாறை மாற்றல் ரத்து.'

கடைசி வரியை ஆவுடையப்பன் ஏழு முறை படித்தார். பிழைத்துவிட்டார். இனி வாயை மூடிக்கொண்டு மலைக்குத் திரும்பினால் போதும்.

மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டவர் பம்படி வழியாகப் போனார். சண்டை நின்றிருந்தது, தாகம் நிற்கவில்லை. உச்சிவெயில் ஏறியும் பாதி வரிசைதான் நகர்ந்திருந்தது. குருவம்மாவின் குட்டிகள் நாக்கைத் தொங்கப்போட்டு நிழலில் கிடந்தன. வரிசையில் மாடத்தியின் கல்லுக்கு அடுத்து, வட்டமான ஒரு சின்னக் கல் இருந்தது.

"இது யார் கல்?" என்று கேட்டார்.

"ஒம்ம கல்லுதான்" என்றாள் மாடத்தி. "மலையிலேருந்து கொண்டாந்த குடுவை காலியாயிருக்குமேன்னு நாந்தான் போட்டு வச்சேன். ஒரு வாரமா கெடக்கு. நீரு பாக்கவே இல்ல."

இருபது வருட உத்தியோகத்தில் ஆவுடையப்பனுக்கு யாரும் எங்கேயும் இடம் போட்டு வைத்ததில்லை. அந்த இடத்திலேயே சுருண்டு கொஞ்சநேரம் அழுதார். ஊர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தது.

அழுது முடித்ததும் பந்துக்குள்ளிருந்தே கேட்டார். "மாடத்தி, படிவம் மிச்சம் இருக்கா?"

ஒன்று இருந்தது. ஊரே கூடி நிரப்பியது. மனுதாரர்: முட்டுப்பட்டணத்து முந்நூறு குடும்பம். எதிராளி: சிங்க மகாராஜா. மூல காரணம்: மூன்று கைப்பிடி. அடியில் அதிகாரியின் முத்திரை விழ வேண்டும். அது விழுந்தால் கழுதைப்புலிப் பாறை நிச்சயம். ஆவுடையப்பன் பயத்தில் மறுபடி சுருண்டார். கொஞ்சநேரத்தில் பந்துக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டு வந்து, தடவித் தடவி, டப்பென்று முத்திரையைக் குத்திவிட்டு உள்ளே போனது.

மறுநாள் விடிந்ததும் சிங்கம் அருவிக்கு முகம் கழுவக் கிளம்பியது. குகை வாசலில் தொடங்கி அருவி விழும் இடம் வரை முந்நூறு கற்கள் வரிசையாக நின்றன. கையில் மனுவோடு ஆவுடையப்பன் ஓரமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது?"

"வரிசை, மகாராஜா. உங்ககூடச் சண்டை போடணும்னு மனு குடுத்திருக்காங்க. யாரும் முண்டியடிக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தராத்தான் வருவாங்க. நாலாவது கட்டத்துல உங்க கையெழுத்து வேணும்."

"போடாவிட்டால்?"

"சண்டை கிடையாது, மகாராஜா. ஆனா வரிசை இருக்கும். நீங்க முகம் கழுவணும்னா... முந்நூத்தி ஒண்ணாவது."

சிங்கத்துக்குக் கோபம் வந்தது. முதல் கல்லைக் காலால் எட்டித் தள்ளியது.

அவ்வளவுதான். பாறைகளுக்குப் பின்னாலிருந்து முந்நூறு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"எங் கல்லை எவம்லே தள்ளி வச்சது?"

மலை அதிர்ந்தது. ஆவுடையப்பன் வழக்கப்படி சுருண்டார். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தபோது, பக்கத்தில் பிடரிமயிரோடு இன்னொரு பந்து கிடந்தது. அழுங்குக்குச் சுருளத் தெரியும். சிங்கத்துக்குப் பழக்கமில்லாததால் வால் வெளியே தெரிந்தது.

மூன்று கைப்பிடிகளும் எட்டு வருடமாகக் குகைக்குள்தான் கிடந்தன. இரண்டில் திரைச்சீலை தொங்கியது. மூன்றாவதால் மகாராஜா முதுகு சொறிந்துகொண்டிருந்தார். ஊரே அவற்றை எடுத்துக்கொண்டு போய் மாட்ட, மதியத்துக்குள் நான்கு பம்புகளும் ஓடின. குருவம்மாவின் குட்டிகள் குடித்துவிட்டு மீதித் தண்ணீரில் குளியலும் போட்டன.

அன்று மாலையே காக்கை மாற்றல் உத்தரவைக் கொண்டுவந்தது: கழுதைப்புலிப் பாறை, உடனடியாக. ஆவுடையப்பன் அதை வாங்கிப் படித்தார். சுருளவில்லை. ஸ்கேலை எடுத்து உத்தரவின் அடியில் அழகாக ஒரு கட்டம் போட்டு, 'மாற்றப்படுபவரின் சம்மதக் கையெழுத்து' என்று எழுதினார். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு பம்படிக்குப் போனார். கட்டம் காலியாக உள்ள உத்தரவை என்ன செய்வது என்று மலையில் இன்றைக்கும் ஆலோசனை நடக்கிறது.

நீதி: அடித்துக்கொண்டால் விசாரணை வரும், அமைதியாக இருந்தால் பாராட்டு வரும், கைப்பிடி வேண்டுமென்றால், அடிக்கப்போவதாக முறைப்படி மனு கொடு, மூன்று நகல்களுடன்.