வாசல் அண்ணை கேட்ட மூச்சு

ஒஸ்லோவில் பேய்களோடு தொடர்பு வைத்திருந்த ஒரே தமிழர் எங்கள் வாசல் அண்ணைதான். பகலில் ரொம்சோஸ் பக்கம் பள்ளிக்கூடம் துப்புரவு செய்வார். மிச்ச நேரமெல்லாம் தமிழர் வீடுகளில், இன்டர்நெட் வழியாகப் பேசும் நெட்போனுக்கு வைத்தியம்.

அந்தக் காலத்து நெட்போனுக்கு ஒரு வியாதி இருந்தது. மணி அடிக்கும், எடுப்பார்கள், பிறகு இரைச்சல்கூட வராது. அண்ணை ரிசீவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். "ஆள் நிக்குது. மூச்சு விடுது. வாசல்தான் பூட்டு" என்பார். பெண்கள் பிள்ளைகளை அடுத்த அறைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

காரணமும் சொல்லுவார்: "வீடு முழுக்கத்துக்கும் இன்டர்நெட்டில ஒரு விலாசம்தான். வாற குரலுக்கு எந்த அறைக்குப் போறதெண்டு தெரியாது, ரவுட்டரிலயே நிண்டுபோடும். நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தால் வாசல் திறந்திருக்கும். வாயை மூடினால் அதுவும் பூட்டிப்போடும்."

ஆகவே சத்தமில்லாத போனிடம் சனங்கள் வாய்ப்பாடு ஒப்புவித்தார்கள். எல்லிங்ஸ்ருட் பக்கத்து மாமி ஒருவர் மெட்ரோ நிலையங்களைக் கடைசிவரை வரிசையாகச் சொல்லி, அதே வழியால் திரும்பியும் வந்தார்.

என் அப்பாவுக்குக் கொழும்பில் இருதய ஆபரேஷன். அதற்கு முதல் நாள், டிசம்பர் பின்னேரம், மூன்றரைக்கே இருட்டிவிட்டது. டெலிபோன் கார்டுகளில் லைன் கிடைக்கவில்லை. கொழும்பில் அக்கா வீட்டு நெட்போனுக்கு அடித்தேன், யாரோ எடுத்தார்கள். அதோடு மயான அமைதி. அண்ணையைக் கூப்பிட்டேன். வந்து, காதை வைத்துக் கேட்டார்.

"உம்மட அப்பாதான். கதையும்."

"எப்பிடி அண்ணை தெரியும்?"

"கதையும் எண்டுறன்." லாப்டொப்போடு மேசைக்குக் கீழே, ரவுட்டரிடம் புகுந்துவிட்டார்.

பாழ்கிணற்றுக்குள் பேசுவதுபோல் இருந்தது. பனியைப் பற்றிச் சொன்னேன், வேலையைப் பற்றிச் சொன்னேன். விஷயம் தீர்ந்துபோனது. வாசல் பூட்டிவிடுமே என்ற பயத்தில், பன்னிரண்டு வருடம் சொல்லாததைச் சொன்னேன்.

"நாட்டை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு உங்களோட கதைக்காமல் வந்தது பிழை அப்பா. எனக்கு இப்ப கோவம் இல்லை."

பிறகு, பக்கத்துக் கதிரையிலிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"எல்லாம் கேட்டுக்கொண்டுதான் தம்பி இருந்தனான். நான் கத்தினது உனக்குக் கேக்கேல்லை. நீ போனை வைச்சிடுவியோ எண்டுதான் பயமாக் கிடந்தது."

நான் கேட்ட அப்பாவின் கடைசிக் குரல் அதுதான்.

நன்றி சொல்லக் குனிந்தேன். நான் அப்பாவிடம் சொல்வது தன் காதில் விழக்கூடாதென்று, வாசல் அண்ணை இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு குந்தியிருந்தார். குரல் வந்துவிட்டதே அவருக்குத் தெரியாது. அந்த மனிதர்மேல் எனக்கு அன்று வந்த பாசம் இன்னும் குறையவில்லை.