அஞ்சலி அண்ணன் நிறுத்திய பஸ்

ராயபுரத்தில் போலீசுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. அஞ்சலி அண்ணன் கேமராவுக்குப் பயப்படாதவர் ஒருவரும் கிடையாது.

கண்ணீர் அஞ்சலி பேனர்களுக்குப் படம் பிடிப்பது அவர் தொழில். யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால் போதும், கேமராவோடு நலம் விசாரிக்கப் போவார். "முகம் தெளிவா கீது நைனா. இப்பவே ஒண்ணு எடுத்து வெச்சிக்கலாம்" என்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமனை ஆசையாகப் படமெடுக்கப் போய், பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டார். பாயசத்தை மட்டும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அவருடைய பேனர்களை என் குட்டியானை லோடு வண்டியில்தான் ஏற்றிப் போவேன். நான் அதிகம் பேசமாட்டேன், அவர் பேச விடமாட்டார். அதனால் ஒத்துப்போனது. ஆனாலும் அவர் லென்சைத் துடைக்க ஆரம்பித்தால் நான் வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவேன்.

ஒருநாள், "மாமு, ஆளுங்கதான் வுட மாட்றாங்க. காலியாகிக்கினு கீற ஊரு ஒண்ணைப் போயி எடுக்கலாம். பூட்டுன வூடு சண்டைக்கு வராது" என்றார்.

எண்ணூர், வள்ளூர், மீஞ்சூர் எல்லாம் தாண்டிப் போனோம். வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். ரைஸ் மில்லுக்குள் வேப்பமரம் வளர்ந்திருந்தது. கடைத்தெருவில் திறந்திருந்தது ஒரு டீக்கடை மட்டும்தான். அண்ணன் குஷியாகிப் பூட்டு பூட்டாகப் படமெடுத்தார்.

டீக்கடை செல்வியக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். "பூட்டை எடுத்து இன்னா பண்ணப்போறே? இந்தப் பக்கம் பஸ்ஸு வருது, நிக்கறதில்ல. ஆளே இல்லாத ஊருக்கு ஸ்டாப் எதுக்குன்றாரு டிரைவரு. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள நிக்கலைன்னா, எம் பொண்ணு படிப்புக்காக நானும் பூட்டிக்கினு மெட்ராசுக்கு வந்துடுவேன். அப்ப வந்து இந்தப் பூட்டையும் எடு."

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். "ஆளு இல்லியாமா? எப்பவும் ஆளு நிக்கறாப்புல பேனர் போட்டு நான் காட்றேன்."

மிச்சமிருந்த ஊரையே பஸ் ஸ்டாப்பில் வரிசையாக நிற்க வைத்தார். எல்லோர் கையிலும் பை, செல்வியக்கா மட்டும் பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை நீட்டினார். இவர் தொழில் தெரியாத ஊர் அல்லவா, ஆளாளுக்கு எண்ணெய் தடவித் தலை சீவி, பெட்டியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டு வந்தார்கள். தமக்காக ஜனம் இப்படித் தயாராகி அவர் பார்த்ததில்லை. ஒரு படம் போதாதென்று பத்துப் படம் எடுத்தார்.

அடுத்த வாரம் ஆள் உயர பேனரைக் கொண்டுபோய் அதே இடத்தில் கட்டினோம். விரித்த பிறகுதான் தெரிந்தது. அண்ணன் படம் என்றதும் பேனர் கடைக்காரர் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றிலும் மாலை, மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருந்தார்.

"இன்னாய்யா, மொத்தமா அனுப்பிட்டே எங்களை?" என்று அதை அவிழ்க்கப் பின்பக்கம் போனார் செல்வியக்கா. நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

அதற்குள் பஸ் வந்தது. வேகம் குறைந்தது. நின்றது.

டிரைவர் இறங்கி வந்து பேனர் முன்னால் கை கூப்பினார். "அடப்பாவமே, ஊரே செத்துப் பூட்டுதா? முந்தாநாள்கூட இந்த அக்கா கையைக் காட்டிச்சே. நிக்காம போய்ட்டேனே, பாவி நானு" என்று கண்ணைத் துடைத்தார்.

பேனருக்குப் பின்னாலிருந்து செல்வியக்கா வெளியே வந்தார். "அதுக்கு இன்னா, இப்ப ஏறிக்கறேன்."

கண்டக்டர் விசில் கீழே விழுந்தது. பஸ்ஸே சிரித்தது, கடைசியாக டிரைவரும். அன்றிலிருந்து அங்கே பஸ் தவறாமல் நிற்கிறது. டீக்கடையும் திறந்திருக்கிறது. பேனரை மாற்றித் தருகிறேன் என்று அண்ணன் கெஞ்சியும் ஊர் விடவில்லை. அது இருக்கும்வரை டிரைவருக்குப் பயம் இருக்குமாம். அன்று திரும்பும் வழியெல்லாம், பார்த்த டீக்கடையில் எல்லாம் வண்டியை நிறுத்தச் சொல்லி இந்தக் கதையைச் சொன்னார் அண்ணன்.

போன வாரம் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவிக்கொண்டு அவர் கடை வாசலில் போய் நின்றேன்.

"இன்னா மாமு, யாரு பூட்டாங்க?" என்றார்.

"யாரும் இல்லண்ணே. என்னை ஒண்ணு எடு."

லென்சைத் துடைக்கவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.