முள்ளுப்பாதையை முடித்த ஆமை

ஒரு காட்டில் சிங்கம் முதல் எலி வரை எல்லாம் இரை தேடுவதை விட்டுவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த காலம் அது. தணிகாசலம் என்ற முள்ளம்பன்றி ‘முள்ளுப்பாதை’ என்று ஒரு விளையாட்டைச் செய்து வெளியிட்டிருந்தது. திரையில் ஒரு முயலைத் தாவவைத்துக் கொண்டுபோக வேண்டும். தரையில் முள், கூரையில் முள். முள் இல்லாத இடத்தில் கால் வைத்தால் தரையே கழன்று விழும். தப்பித்துப் போய்ச் சேர்ந்தால் வெற்றிக்கொடி சாய்ந்து மண்டையைப் பிளக்கும். இவ்வளவு அவமானம் போதாதா, காட்டுக்கே அதன்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது.

உடனே ரசிகர் மன்றம். தலைவர் வீரபாகு என்ற குரங்கு. திறப்பு விழாவில் போனுக்குப் பாலாபிஷேகம் செய்து, நல்ல போன் ஒன்றைப் பாழாக்கினார்கள். சாயங்காலமானால் குளக்கரையில் கூடி, அவரவர் எந்த முள்ளில் செத்தோம் என்று சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்கள். மன்றத்துக்கு வேறு வேலை கிடையாது.

மாசிலாமணி என்ற ஆமைக்கும் அந்தக் கூட்டத்தில் உட்கார ஆசை. பாவம், பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஜீவன்.

“விளையாட்டை முடிச்சிட்டு வா, சேத்துக்கறோம்” என்றது வீரபாகு. நீங்கள் யாராவது முடித்தீர்களா என்று ஆமை கேட்கவில்லை. அது மரியாதை தெரிந்த ஆமை.

முடித்தும்விட்டது. பொறிகளெல்லாம் அவசரத்தில் பறக்கிறவர்களுக்காக வைத்தவை. ஆமை யோசித்து யோசித்துத் தட்டியதில், முள்ளெல்லாம் விழுந்து ஓய்ந்த பிறகுதான் முயல் அங்கே போய்ச் சேர்ந்தது. கொடியும் அப்படியே.

ஆமை தான் ஜெயித்த திரையைப் படம் பிடித்துக் குளக்கரையில் கொண்டுவந்து காட்டியது.

“ஆமையே முடிச்சிருச்சுன்னா அது என்னய்யா விளையாட்டு?” என்றது நரி.

“தணிகாசலத்துக்குச் சரக்கு தீந்துபோச்சு. இனிமே நாமளே செய்வோம்” என்றது வீரபாகு.

அப்படிப் பிறந்ததுதான் ‘மகா முள்ளுப்பாதை: ரசிகர் பதிப்பு’. இதில் கண்ணிமைக்கும் நேரம் சும்மா நின்றாலே முயல் வெடிக்கும். ஆசையாக வந்த தணிகாசலம் முதல் அடியிலேயே செத்தது. முள்ளுப்பாதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியவில்லை என்று தீர்மானம் போட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து ஆமை. அது காலைத் தூக்குவதற்குள் முயல் வெடித்தது. மறுபடியும் வெடித்தது. ஆமைக்குத் துக்கம் தாங்கவில்லை, எல்லார் முன்னாலும் அழுதேவிட்டது.

கரை முழுக்கக் கைதட்டல். வீரபாகு ஓடிவந்து கட்டிப்பிடித்தது. “இப்பத்தான்யா நீ நம்ம ஆளு. எப்படிச் செத்தே, சொல்லு.”

நரி நகர்ந்து இடம் கொடுத்தது. ஆமை அங்கே உட்கார்ந்து, முதல் காரியமாகத் தன் வெற்றிப் படத்தைப் போனிலிருந்து அழித்தது. ஜென்மத்தில் அது வேகமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

நீதி: விடாமுயற்சி ஆபத்தானது, ஜெயித்துத் தொலைத்துவிடுவீர்கள். நாலு பேர் நடுவில் இடம் வேண்டுமானால், அந்த நாலு பேரும் விழுந்த குழியாகப் பார்த்து விழுங்கள்.