கருவறையை வெட்டாத வரைபடம்

பக்தியும் கணினியும் ஓரிடத்தில் கூடினால், பக்தி சற்று வாய்மூடி நிற்பதே உலகுக்கு நலம். எனக்கு இது ஒரு பங்குனிப் பிற்பகலில் விளங்கிற்று.

பணி ஓய்வுக்குப்பின் இணைய வரைபடம் செய்யப் பழகியிருந்தேன். அறுபத்துமூவர் விழாவன்று பதிகம் பாடும் எங்கள் குழு மயிலை மாட வீதியில் நீர்மோர்ப் பந்தல் இடுவது வழக்கம். எந்தச் சந்து அடைப்பு, எது திறப்பு என்று காட்டும் வரைபடத்தை நானே செய்வதாக ஏற்றேன். (யாரும் கேட்கவில்லை என்பது வேறு.)

இணைய வரைபடம் ஒரே படமன்று. சதுரங்களாக வெட்டிய துண்டுகள். டைல் என்பார்கள். திரைக்கு வேண்டியவை மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். சதுரத்தின் ஒரு பக்கம் இருநூற்று ஐம்பத்தாறு பிக்சல், அதாவது திரைப்புள்ளி, என்பது உலக வழக்கு. அப்படி வெட்டினேன். வெட்டுக்கோடு நேரே கருவறையின் நடுவே போயிற்று. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மகள் வைதேகி ஈக்காட்டுத்தாங்கலில் இதே தொழில் செய்பவள். "ஒட்டிண்டு வந்துடும்ப்பா. வெட்டினதே தெரியாது" என்றாள்.

"நமக்குத் தெரியாது. சுவாமிக்குத் தெரியுமே."

டைலின் அளவை இரட்டித்தேன், மீண்டும் இரட்டித்தேன். கருவறை தப்பினால் கோபுரம் மாட்டியது. கோபுரம் தப்பினால் குளம். முடிவில் கோயில், குளம், நான்கு மாட வீதிகள் அனைத்தும் ஒரே டைலில் எழுந்தருளின. அயனும் மாலும் அடிமுடி காணாத பெருமானை நான் ஒரே சதுரத்தில் அடக்கிவிட்டேன்! வீட்டு வைஃபையில் இமைப்பதற்குள் திறந்தது. டைல் பெருங்கனம், வெளியே செல்போன் சிக்னல் இழுக்காது என்று வைதேகி எச்சரித்தது ஆனந்தத்தில் என் காதில் ஏறவில்லை.

விழா நாள். மயிலை எங்கும் மனிதத் தலைகள், அத்தனை கையிலும் செல்போன், சிக்னலோ நூலிழை. அடையாற்றிலிருந்து மோர்க் குடங்களை ஆட்டோவில் ஏற்றிவந்த பாபுவுக்கு என் வரைபடமே வழிகாட்டி. பல்லக்குகள் புறப்பட்டுவிட்டால் வண்டி நுழைய முடியாது. பந்தலிலோ வெயிலில் வாடிய அடியார்கள் வரிசையாக நின்றார்கள். பாபு அழைத்தான்.

"இன்னா சாமி, உன் மேப்பு வெள்ளையாவே கீது. ரோடே இல்ல."

"கொஞ்சம் பொறுப்பா, வந்துண்டே இருக்கு."

"நானும் மந்தவெளில அதையேதான் பாத்துகினு கீறேன். மோர் புளிச்சிடும் போல."

சிறு துண்டுகளாயின் ஒரு சந்தாவது தெரிந்திருக்கும். முழுதும் வந்தாலன்றி எதுவும் தெரியாதபடி நான் செய்துவைத்திருந்தேன். பல்லக்குகள் புறப்பட்டன. பாபு பேருந்துக்கு நின்றவர்களுக்கே மோரை வார்த்துவிட்டான். காலி டம்ளர்களோடு நின்ற என்னை அறுபத்துமூவரும் ஒருவர்பின் ஒருவராகப் பார்த்துக்கொண்டே கடந்துபோனார்கள்.

பந்தலில் உடனிருந்த வைதேகி, வீட்டுக்கு ஓடி, சிறிய அளவில் டைல்களை வெட்டி ஏற்றினாள். அதே நூலிழைச் சிக்னலில் சந்து சந்தாக மயிலை மலர்ந்தது! கோபுரம் நான்கு துண்டாக வந்து, தழும்பில்லாமல் ஒன்றாகி நின்றது. மெய்சிலிர்த்துக் கைகூப்பினேன். (பல்லக்கு திரும்பி வருகிறதென்று பக்கத்திலிருந்தவரும் கூப்பினார்.) பல்லக்குகள் கடந்தபின், அந்த வரைபடத்தைப் பார்த்தே பாபு அடுத்த நடை மோருடன் வந்து சேர்ந்தான்.

இன்றும் தோசைக்கல்லைப் போட்டதும் என் மனைவி கேட்கத் தவறுவதில்லை:

"ஏன்னா, உங்களுக்கு ஒண்ணொண்ணா வாக்கட்டுமா, இல்ல மாவு மொத்தத்தையும் ஒரே தோசையா ஊத்தட்டுமா? நாளைக்குள்ள வெந்துடும்."