வெர்ப்புக் கிராணி

மலாயாவில் பேராக் சீமை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் வெர்ப்புக் கிராணியைப் போல ஒரு கழுத்தறுப்பு அகப்படாது. முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷம் இருக்கும். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி அவர், நான் சின்னக் கிராணி. இங்கிலீஷில் வெர்ப்பை, அதாவது வினைச்சொல்லை, சரியாகப் போடாதவன் மனுஷனே இல்லை என்பது அவர் கட்சி.

லீவுகூட இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும். மலேரியாக் குளிரில் பல் கிட்டித்துப்போய், "ஐ சிக்" என்றேன். போர்வை தரவில்லை அந்த மனுஷன்.

"ஆம் சிக்கா, ஹேவ் பீன் சிக்கா? எப்போலேர்ந்துன்னு சொல்லு தம்பி" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். காய்ச்சலே தேவலை என்று ஆகிவிட்டது.

அவர் பேசுகிற லட்சணமோ, கேட்கவே வேண்டாம். "ஷீ" என்று ஆரம்பித்துக் கண்ணை மூடி, விரல்விட்டு வெர்ப்பைத் தேடுவார். "இவரு தேடி முடிக்கிறதுக்குள்ள ரப்பர் கன்னு பால் குடுத்துரும்லா" என்பான் கங்காணி.

ஒரு சனிக்கிழமை மருதாயி, நிறைமாசக்காரி, பால் வெட்டப் போன இடத்தில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். வேலையை விட்டு ஓடிவிட்டாள் என்று கங்காணி வெள்ளைக்காரத் துரையிடம் போட்டுக்கொடுத்தான். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை அன்றைக்கே காலி பண்ணச் சொன்னான் துரை. புருஷன் செத்துப்போனவள், எங்கே போவாள்? துரைக்குத் தமிழ் வராது. ஆபீசில் அவன் முன்னால் அவள் சொல்வதைப் பெரிய கிராணிதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

"மயக்கமா வந்துச்சுங்க. மரத்தடியில குந்திட்டேன். எங்கயும் போகல" என்றாள் மருதாயி.

"ஷீ..." என்றார் கிராணி. கண் மூடியாயிற்று. "ஷீ ஹேட் பீன்... நோ சார்... ஷீ வுட் ஹேவ்..."

பிள்ளைத்தாய்ச்சி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இந்த ஆள் இலக்கணம் பார்க்கிறார். "எதையாச்சும் சொல்லித் தொலைங்கண்ணே" என்றேன். காதிலேயே வாங்கவில்லை. விரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே கார் வந்து ஹாரன் அடித்தது. சனிக்கிழமை வந்தால் துரைக்கு ஈப்போ கிளப்பில் விருந்து. இன்னொரு ஹாரன். துரை தொப்பியை எடுத்து, அவள் இருந்து தொலையட்டும் என்று இங்கிலீஷில் கத்திவிட்டுக் காரில் ஏறினான்.

மருதாயி லயத்துக்குத் திரும்பினாள். நான் எரிச்சலோடு கேட்டேன்: "கடைசியில எந்த வெர்ப்புண்ணே சரி?"

"ஷீ வாஸ் சிக். வாஸ்தான். அவ பேசுறப்பவே தெரியும்" என்றார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. "சொன்னா துரை நம்பவா போறான்? கார் வரணும்லா தம்பி."

அதற்கப்புறமும் அவர் என் கழுத்தை அறுக்காத நாள் இல்லை. நானும் நீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.